அகலப்பட்டை வழியான பாதுகாப்பான தொலை அணுகலும் குரற்சேவையும்

அகலப்பட்டை வழியான பாதுகாப்பான தொலை அணுகலும் குரற்சேவையும் என்பது, ஓர் அலுவலகம் பெற்றுள்ள ஒரே அகலப்பட்டை இணைய இணைப்பில் இரண்டு சேவைகளைச் சேர்த்து நடத்தும் முறையைக் குறிக்கும். முதலாவது, வெளியில் இருக்கும் பணியாளர்கள் அலுவலகக் கணினிகளையும் கோப்புகளையும் மறையாக்கப்பட்ட வழியில் அணுகுவதாகும். இது பெரும்பாலும் மெய்நிகர் தனியார் வலையமைப்பு (சுருக்கமாக வீ.பி.என்.) மூலம் நடைபெறுகிறது. இரண்டாவது, தொலைபேசி உரையாடலைத் தரவுப் பொதிகளாக்கி இணையத்தில் அனுப்புவதாகும். இது இணையவழிக் குரல் (வொயிப்) எனப்படுகிறது.

இரண்டும் ஒரே இணைப்பில் சென்றாலும் அவற்றின் தேவைகள் வேறுபட்டவை. கோப்பு ஒன்று ஒரு நொடி தாமதமாக வந்தாலும் பயன்படும். ஆனால் அதில் ஒரு பிட்டுகூட மாறக்கூடாது. குரலில் சிறு பகுதி இழக்கப்பட்டாலும் பேச்சு விளங்கும். ஆனால் அது உரிய நேரத்தில் வந்துசேர வேண்டும். இம்முறையின் தொழில்நுட்பச் சிக்கல்களில் பெரும்பாலானவை இவ்வேறுபாட்டிலிருந்தே எழுகின்றன.

பின்னணி

1990களின் நடுப்பகுதி வரை, கிளை அலுவலகங்களைத் தலைமை அலுவலகத்துடன் இணைக்கக் குத்தகைத் தொலைபேசி இணைப்புகளே பயன்பட்டன. இவை இரு முனைகளுக்கு இடையே எந்நேரமும் திறந்திருக்கும் தனி இணைப்புகளாதலால் பாதுகாப்பாக இருந்தன. ஆயினும் தூரத்துக்கேற்பக் கட்டணம் மிகுந்தது. வீட்டிலிருந்து பணிபுரிவோர் மோடம் மூலம் அலுவலகத்தின் தொலைபேசி எண்ணை அழைத்து இணைந்தனர். இதன் உச்ச வேகம் நொடிக்கு 56 கிலோபிட்டு மட்டுமே. பேச்சுக்கோ, தனியார் கிளைப் பரிமாற்றகம் என்னும் அலுவலகத் தொலைபேசி இணைப்பகமும் அதற்குரிய கம்பிகளும் தனியே தேவைப்பட்டன.

ஏற்கனவே உள்ள செப்புத் தொலைபேசிக் கம்பியில் உயர்வேகத் தரவை அனுப்பும் ஏ.டி.எஸ்.எல். நுட்பத்தைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1999ஆம் ஆண்டில் ஜி.992.1 என்னும் தரமாக வெளியிட்டது. இதன் பின்னர், எந்நேரமும் இணைப்பில் இருக்கும் இணையம் சிறு அலுவலகங்களுக்கும் எட்டும் விலையில் கிடைக்கலாயிற்று. இந்தியாவில் 2004 அக்டோபரில் வெளியான அகலப்பட்டைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட்டு அல்லது அதற்கு மேற்பட்ட பதிவிறக்க வேகமுள்ள இணைப்பை அகலப்பட்டை என வரையறுத்தது. இவ்வரம்பு 2013இல் 512 கிலோபிட்டாகவும், 2023இல் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது.

ஏ.டி.எஸ்.எல். இணைப்பில் பதிவிறக்க வேகம் மிகுதியாகவும் பதிவேற்ற வேகம் குறைவாகவும் இருக்கும். வலைப்பக்கங்களைப் படிக்கும் வீட்டுப் பயனர்களுக்கு இவ்வமைப்பு பொருந்தும். அலுவலகத்தின் நிலை இதற்கு மாறானது. வெளியிலிருந்து ஒருவர் அலுவலகக் கோப்பைத் திறக்கும்போது அக்கோப்பு அலுவலகத்தின் பதிவேற்றப் பாதையிலேயே வெளியேறுகிறது. உரையாடலில் அலுவலகத்தில் இருப்பவர் பேசும் குரலும் அதே பாதையில்தான் செல்கிறது.

வரலாறு

தொலை அணுகல் நெறிமுறைகள்

மைக்ரோசாப்ட் உள்ளிட்ட நிறுவனங்கள் உருவாக்கிய பி.பி.டி.பி. என்னும் நெறிமுறை 1996இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. 4.0 இயங்குதளத்தில் இடம்பெற்றது. நிறுவுவதற்கு எளிதாக இருந்தமையால் இது விரைவாகப் பரவியது. எனினும் 1998இல் புரூஸ் சினையர், மட்ஜ் ஆகியோர் மைக்ரோசாப்டின் செயலாக்கத்தில் இருந்த குறைகளை வெளிப்படுத்தினர். இதன் கடவுச்சொல் சரிபார்ப்பு முறையை உடைப்பது, 56 பிட்டு நீளமுள்ள ஒரே டி.இ.எஸ். சாவியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குச் சமம் என்பது 2012இல் செயல்முறையில் காட்டப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் 2016இல் தன் இயங்குதளங்களிலிருந்து இதனை நீக்கியது.

இணையப் பொறியியல் செயற்குழு உருவாக்கிய ஐ.பி.செக் தரங்கள் முதலில் 1995இலும், திருத்திய வடிவில் 1998இலும் 2005இலும் வெளியாயின. இவை ஒவ்வொரு பொதியையும் தனித்தனியே மறையாக்கம் செய்து, இடையில் எவரும் அதை மாற்றவில்லை என்பதையும் உறுதிசெய்கின்றன. ஜேம்ஸ் யோனன் 2001இல் தொடங்கிய ஓப்பன் வீ.பி.என். என்னும் கட்டற்ற மென்பொருள், இயங்குதளத்தின் கருவில் மாற்றம் செய்யாமல் இயங்கக்கூடியதாக அமைந்தது. ஜேசன் டோனன்ஃபெல்டு உருவாக்கிய வயர்கார்டு, 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் கரு 5.6 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

குரல் நெறிமுறைகள்

பொதிகளாகக் குரலை அனுப்பும் ஆய்வுகள் 1970களிலேயே அர்ப்பாநெட் வலையமைப்பில் நடைபெற்றன. வோக்கல்டெக் நிறுவனம் 1995இல் வெளியிட்ட இணையத் தொலைபேசி மென்பொருள், பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த முன்னோடிகளுள் ஒன்று. 1996இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் எச்.323 தரமும், குரலையும் நிகழ்படத்தையும் சுமந்து செல்லும் ஆர்.டி.பி. நெறிமுறையும் வெளியாயின. அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் பயன்படும் எஸ்.ஐ.பி. நெறிமுறை 1999இல் வெளியாகி, 2002இல் ஆர்.எஃப்.சி. 3261 என்னும் ஆவணமாகத் திருத்தப்பட்டது. மார்க் இசுபென்சர் 1999இல் தொடங்கிய ஆஸ்டரிஸ்க் என்னும் கட்டற்ற மென்பொருள், ஒரு சாதாரணக் கணினியையே அலுவலகத் தொலைபேசி இணைப்பகமாக மாற்ற வழிசெய்தது. குரலை மறையாக்கம் செய்து அனுப்பும் எஸ்.ஆர்.டி.பி. நெறிமுறை 2004 மார்ச்சில் வெளியானது.

செயற்படும் முறை

சுரங்கவழி

பணியாளரின் கணினி முதலில் அலுவலகத்தின் வீ.பி.என். வாயிலுடன் தொடர்புகொள்கிறது. இரு முனைகளும் ஒன்றையொன்று அடையாளம் கண்டபின், மறையாக்கத்துக்கான சாவி ஒன்றை உருவாக்கிக்கொள்கின்றன. அதன்பின் கணினி அனுப்பும் ஒவ்வொரு பொதியும் முழுமையாக மறையாக்கப்பட்டு, புதிய முகவரித் தலைப்புடன் மற்றொரு பொதிக்குள் வைக்கப்படுகிறது. ஒரு மடலை உறையிலிட்டு, அவ்வுறையை மற்றோர் உறைக்குள் வைத்து அனுப்புவதற்கு இது ஒப்பாகும். வழியில் உள்ளோர் வெளியுறையின் முகவரியை மட்டுமே காண இயலும். இவ்வாறு அமையும் பாதை சுரங்கவழி எனப்படுகிறது.

குரற்பொதிகள்

ஒலிவாங்கி பெறும் குரலைக் குறியாக்கி என்னும் நிரல் எண்களாக மாற்றுகிறது. வழக்கமாக 20 மில்லிநொடிக் குரல் ஒரு பொதியாகும்; எனவே ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு 50 பொதிகள் செல்கின்றன. பெறும் முனையில் பொதிகள் சீரான இடைவெளியில் வந்துசேர்வதில்லை. இவ்வேறுபாடு தாமதத் தளம்பல் எனப்படும். இதனைச் சமன்செய்யப் பெறும் கருவி சில பொதிகளைச் சிறிது நேரம் தேக்கிவைத்துப் பின் ஒலிக்கிறது. தேக்கும் நேரத்தைக் கடந்து வரும் பொதி பயனற்றது. அது இழந்த பொதியாகவே கொள்ளப்படும்.

ஒரு திசையிலான மொத்தத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நலம் என்றும், 400 மில்லிநொடியை மீறக்கூடாது என்றும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை கூறுகிறது. தாமதம் மிகும்போது பேசுவோர் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்திக்கொள்ளும் நிலை உண்டாகிறது.

ஒரே இணைப்பில் எழும் முரண்கள்

தலைப்புச் சுமை

குரற்பொதிகள் மிகச் சிறியவை. ஆகவே அவற்றைச் சுற்றி வைக்கப்படும் தலைப்புகளின் அளவு பெரும் விளைவை உண்டாக்குகிறது. ஜி.729 குறியாக்கியில் 20 மில்லிநொடிக் குரல் 20 பைட்டுகளே. அதன் மேல் வரும் ஐ.பி., யூ.டி.பி., ஆர்.டி.பி. தலைப்புகள் சேர்ந்து 40 பைட்டுகள். இப்பொதி ஐ.பி.செக் சுரங்கவழியில் செல்லும்போது புதிய முகவரித் தலைப்பு, மறையாக்கத் தலைப்பு, நிரப்புப் பைட்டுகள், சரிபார்ப்புக் குறி ஆகியனவும் சேர்கின்றன. கீழுள்ள அட்டவணை இதனை விளக்கும். ஐ.பி. நான்காம் பதிப்பும், ஏ.இ.எஸ். மறையாக்கத்தின் சி.பி.சி. முறையும், ஐ.பி.செக்கில் 96 பிட்டு, எஸ்.ஆர்.டி.பி.யில் 80 பிட்டு நீளச் சரிபார்ப்புக் குறிகளும் கொள்ளப்பட்டுள்ளன. இணைப்பு அடுக்கின் தலைப்புகள் சேர்க்கப்படவில்லை.

| அனுப்பும் முறை | ஜி.711: பொதி அளவு | ஜி.711: வேகம் | ஜி.729: பொதி அளவு | ஜி.729: வேகம் |
|---|---|---|---|---|
| மறையாக்கம் இன்றி | 200 பைட்டு | 80 கிலோபிட்டு/நொடி | 60 பைட்டு | 24 கிலோபிட்டு/நொடி |
| எஸ்.ஆர்.டி.பி. | 210 பைட்டு | 84 கிலோபிட்டு/நொடி | 70 பைட்டு | 28 கிலோபிட்டு/நொடி |
| ஐ.பி.செக் சுரங்கவழி | 264 பைட்டு | 105.6 கிலோபிட்டு/நொடி | 120 பைட்டு | 48 கிலோபிட்டு/நொடி |

ஜி.729 குரல் சுரங்கவழிக்குள் செல்லும்போது சரியாக இருமடங்காகிறது என்பது கவனிக்கத்தக்கது. நொடிக்கு 256 கிலோபிட்டுப் பதிவேற்ற வேகமுள்ள இணைப்பில், சுரங்கவழியினூடாக ஜி.711 அழைப்புகள் இரண்டு மட்டுமே ஒரே நேரத்தில் செல்ல முடியும். மூன்றாவது அழைப்பு தொடங்கினால் கெடுவது அவ்வழைப்பு மட்டுமன்று. மூன்று உரையாடல்களும் ஒருங்கே சிதைகின்றன.

பெரிய பொதிக்குப் பின் காத்திருத்தல்

ஒரு கோப்பின் 1500 பைட்டுப் பொதி நொடிக்கு 256 கிலோபிட்டுப் பாதையில் வெளியேற ஏறத்தாழ 47 மில்லிநொடி ஆகிறது. அதன் பின்னே நிற்கும் குரற்பொதி அதுவரை காத்திருக்க வேண்டும். முன்னே நான்கு பெரிய பொதிகள் இருந்தால், குரல் அலுவலகத்தை விட்டு வெளியேறும் முன்பே 150 மில்லிநொடி வரம்பு கடந்துவிடும். நொடிக்கு 100 மெகாபிட்டு வேகமுள்ள ஒளியிழை இணைப்பில் அதே பொதி 0.12 மில்லிநொடியில் வெளியேறுகிறது. எனினும், வேகம் கூடியதனால் மட்டும் இச்சிக்கல் முற்றிலும் மறைவதில்லை. மோடங்களிலும் வழிச்செயலிகளிலும் உள்ள அளவுக்கு மீறிய நினைவகம் பொதிகளை நீண்ட வரிசையாகத் தேக்கிவைப்பதால், வேகமான இணைப்பிலும் தாமதம் உண்டாகலாம். இக்குறையை ஜிம் கெட்டிஸ் 2010ஆம் ஆண்டு முதல் பரவலாகக் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

முகவரி மாற்றம்

அகலப்பட்டை இணைப்புகளில் பல கருவிகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. வழிச்செயலி ஒவ்வொரு பொதியின் முகவரியையும் மாற்றி அனுப்புகிறது. பொதியின் மாறாமையை உறுதிசெய்வது ஐ.பி.செக்கின் நோக்கம்; முகவரி மாற்றமோ பொதியை மாற்றுவதையே தொழிலாகக் கொண்டது. ஆகவே இவ்விரண்டும் தொடக்கத்தில் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. மறையாக்கப்பட்ட பொதியை யூ.டி.பி. பொதிக்குள் வைத்து அனுப்பும் முறை 2005 ஜனவரியில் தரமாக்கப்பட்டபின் இத்தடை நீங்கியது. எஸ்.ஐ.பி. நெறிமுறையும் தன் செய்திகளுக்குள்ளேயே முகவரியை எழுதியனுப்புவதால், மறுமுனையின் குரல் மட்டும் கேட்காமல் போவது போன்ற குறைகள் தோன்றின. இவற்றைத் தீர்க்க ஸ்டன், டர்ன், ஐஸ் ஆகிய துணை நெறிமுறைகள் உருவாக்கப்பட்டன.

டி.சி.பி. சுரங்கவழி

சில அலுவலகத் தீயரண்கள் வலைத்தளங்களுக்கான டி.சி.பி. வாயிலை மட்டுமே திறந்துவைப்பதால், வீ.பி.என். சுரங்கவழியை டி.சி.பி. மேல் அமைக்கும் வழக்கம் உண்டு. டி.சி.பி. இழந்த பொதியை மீண்டும் கேட்டுப் பெறும். அது வரும்வரை பின்வரும் பொதிகளை நிறுத்திவைக்கும். கோப்புகளுக்கு நன்மையான இப்பண்பு குரலுக்குத் தீங்காகிறது. எனவே குரல் செல்லும் சுரங்கவழிகளுக்கு யூ.டி.பி. முறையே ஏற்றது.

தீர்வுகள்

முன்னுரிமை: குரற்பொதிகளின் தலைப்பில் அவசரக் குறி ஒன்றை இட்டு, வழிச்செயலி அவற்றை முதலில் அனுப்புமாறு செய்யலாம். வழக்கமாக இதற்கு 46 என்னும் குறியெண் பயன்படுகிறது. மறையாக்கத்துக்குப் பின் எப்பொதி குரல், எப்பொதி கோப்பு என அறிய இயலாதாகையால், உட்பொதியின் குறி வெளிப்பொதிக்கும் படியெடுக்கப்பட வேண்டும். ஆயினும் முன்னுரிமையால் பொதிகளின் வரிசை மாறும்போது, பழைய பொதிகளை எவரேனும் திரும்ப அனுப்புகின்றனரா எனக் கண்காணிக்கும் ஐ.பி.செக்கின் காப்பு முறை, பிந்தி வரும் நேரிய பொதிகளையும் புறக்கணிக்கக்கூடும். இதைத் தவிர்க்கக் குரலுக்கும் தரவுக்கும் தனித்தனி மறையாக்கத் தொடர்புகளை அமைப்பது உண்டு. பொது இணையத்தில் இக்குறிகள் பெரும்பாலும் மதிக்கப்படுவதில்லை. அலுவலகத்தின் சொந்த வழிச்செயலியிலேயே இம்முறை முழுப்பயன் தரும்.

வேகக் கட்டுப்பாடு: வெளியேறும் தரவின் வேகத்தை இணைப்பின் உண்மையான பதிவேற்ற வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக வழிச்செயலியிலேயே வரையறுத்தால், நீண்ட வரிசை மோடத்தில் உருவாகாது. 2018இல் ஆர்.எஃப்.சி. 8290 ஆக வெளியான வரிசை மேலாண்மை முறை இதற்குப் பெரிதும் துணைசெய்கிறது.

பிரித்த சுரங்கவழி: அலுவலகத்துக்குரிய தரவை மட்டும் சுரங்கவழியில் அனுப்பி, மற்றவற்றை நேரே இணையத்துக்கு விடும் முறை இது. குரலைத் தனியே எஸ்.ஆர்.டி.பி. மூலம் மறையாக்கி நேரடியாக அனுப்பினால், சுரங்கவழியின் கூடுதல் சுமை இல்லாமலே பேச்சின் உள்ளடக்கம் காக்கப்படுகிறது. ஆனால் யார் யாரை அழைத்தார் என்னும் செய்தியை மறைக்க, எஸ்.ஐ.பி. செய்திகளையும் டி.எல்.எஸ். மூலம் மறையாக்க வேண்டும். அப்போதும் இரு முனைகளின் இணைய முகவரிகளை வழியில் உள்ளோர் காண முடியும்.

பாதுகாப்பின் எல்லைகள்

மறையாக்கம் பொதியின் உள்ளடக்கத்தை மறைக்கிறது. அதன் நீளத்தையும் நேரத்தையும் மறைப்பதில்லை. ஒலிக்கேற்பப் பொதியின் அளவை மாற்றும் குறியாக்கிகளில், மறையாக்கப்பட்ட பொதிகளின் நீளத்தைக் கொண்டே பேசப்படும் மொழியை ஓரளவு ஊகிக்கலாம் என 2007இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். குறிப்பிட்ட சொற்றொடர்களையும் கண்டறியலாம் என 2008இல் வெளியான ஆய்வு கூறியது. இதன் விளைவாக, இரகசியம் தேவைப்படும் உரையாடல்களில் அத்தகைய குறியாக்கிகளை எவ்வாறு கையாள்வது என்னும் வழிகாட்டி 2012இல் ஆர்.எஃப்.சி. 6562 ஆக வெளியிடப்பட்டது.

வீ.பி.என். வாயில் இணையத்தை நோக்கித் திறந்திருப்பதால் அதுவே தாக்குவோரின் முதல் இலக்காகவும் அமைகிறது. 2021 மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனம் பணயத் தீநிரலால் தாக்கப்பட்டு, ஏறத்தாழ 8,850 கிலோமீட்டர் நீளமுள்ள எரிபொருள் குழாய்த்தொடர் பல நாட்கள் நிறுத்தப்பட்டது. பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய வீ.பி.என். கணக்கின் கடவுச்சொல் வழியாகவே தாக்குவோர் நுழைந்தனர். அக்கணக்குக்கு இரண்டாம் அடையாளச் சரிபார்ப்பு இருக்கவில்லை என நிறுவனத்தின் தலைவர் 2021 ஜூனில் நாடாளுமன்ற மேலவைக் குழுவிடம் தெரிவித்தார். மறையாக்கம் எவ்வளவு வலியதாயினும், அடையாளச் சரிபார்ப்பு தளர்ந்திருந்தால் பயனில்லை என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

குரற்சேவைக்கும் தனி அச்சுறுத்தல் உண்டு. எளிய கடவுச்சொல்லுடன் இணையத்தில் திறந்திருக்கும் எஸ்.ஐ.பி. கணக்குகளைத் தானியங்கி நிரல்கள் தேடிக் கண்டுபிடிக்கின்றன. பின்னர் அவற்றின் மூலம் உயர்கட்டண வெளிநாட்டு எண்களுக்கு அழைப்புகள் செய்யப்படுகின்றன. இவை பெரும்பாலும் அலுவலகம் மூடியிருக்கும் இரவுகளிலும் விடுமுறை நாட்களிலும் நடைபெறுவதால், கட்டணச் சீட்டு வந்தபின்னரே தெரியவருகின்றன. வெளிநாட்டு அழைப்புகளை முடக்குவதும், நாட்கட்டண உச்சவரம்பு விதிப்பதும் எளிய காப்புகளாகும்.

அவசர அழைப்புகள்

பழைய செப்புத் தொலைபேசி, இணைப்பகத்திலிருந்து கம்பி வழியாகவே 48 வோல்ட்டு மின்சாரத்தைப் பெற்றது. ஆகவே வீட்டில் மின்சாரம் தடைபட்டாலும் அது இயங்கியது. மேலும், கம்பி எங்கே முடிகிறது என்பது இணைப்பகத்துக்குத் தெரியுமாதலால், அழைப்பவர் பேச இயலாத நிலையிலும் அவருடைய முகவரியை அறிய முடிந்தது. அகலப்பட்டை வழிக் குரற்சேவையில் இவ்விரண்டும் தாமாகக் கிடைப்பதில்லை. மோடம் அணைந்தால் தொலைபேசியும் அணைகிறது.

தொலை அணுகலும் குரலும் இணையும்போது இச்சிக்கல் மேலும் கடுமையாகிறது. வீட்டிலிருக்கும் பணியாளர் வீ.பி.என். மூலம் அலுவலக உள்ளிணைப்பு எண்ணைப் பயன்படுத்தி அவசர உதவியை அழைத்தால், மீட்பு ஊர்தி அவருடைய வீட்டுக்குச் செல்லாமல் அலுவலகத்துக்குச் செல்லக்கூடும். பொதுத் தொலைபேசியுடன் இணைந்த இணையக் குரற்சேவைகள் அவசர அழைப்புகளை இட விவரத்துடன் கையாள வேண்டும் என ஐக்கிய அமெரிக்காவின் கூட்டரசுத் தொடர்பாடல் ஆணையம் 2005 மே மாதத்தில் விதித்தது. அலுவலக இணைப்பகங்களில் முன்னொட்டு எண் எதுவும் இன்றி 911ஐ நேரே அழைக்க முடியவேண்டும் என்னும் காரி சட்டம் 2018இல் இயற்றப்பட்டு 2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

ஐக்கிய இராச்சியத்தில் செப்புத் தொலைபேசி வலையமைப்பை முற்றிலும் நிறுத்துவதற்கு முதலில் 2025 டிசம்பர் குறிக்கப்பட்டிருந்தது. அவசர உதவிக் கருவிகளை நம்பி வாழும் முதியோர், நோயுற்றோர் ஆகியோரின் பாதுகாப்பைக் கருதி இது 2024இல் 2027 ஜனவரி 31க்குத் தள்ளிவைக்கப்பட்டது.

இந்தியாவில் சட்டநிலை

இந்தியாவில் இணையத் தொலைபேசி 2002 ஏப்ரல் 1 முதல் வரம்புகளுடன் அனுமதிக்கப்பட்டது. கணினியிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்கும் அழைக்கலாம். கணினியிலிருந்து இந்தியாவுக்குள் உள்ள தொலைபேசி எண்ணை அழைக்க இணையச் சேவை நிறுவனங்களுக்கு அப்போது அனுமதி இருக்கவில்லை. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2017 அக்டோபர் பரிந்துரைகளுக்குப் பின், 2018இல் உரிமம் பெற்ற நிறுவனங்கள் பொதுத் தொலைபேசி எண்களுடன் இணைந்த இணையத் தொலைபேசியை வழங்க வழிபிறந்தது. அவ்வாண்டு பி.எஸ்.என்.எல். நிறுவனம் விங்ஸ் என்னும் சேவையை அறிவித்தது.

அழைப்பு மையங்கள் முதலானவை பிற சேவை வழங்குநர் என்னும் வகையில் தொலைத்தொடர்புத் துறையிடம் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. அவற்றின் பணியாளர் வீட்டிலிருந்து பணிபுரிவதற்கு வைப்புத்தொகை உள்ளிட்ட நிபந்தனைகள் இருந்தன. கொரோனாப் பெருந்தொற்றின்போது 2020 மார்ச்சில் இவை தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டன. 2020 நவம்பரில் வெளியான புதிய வழிகாட்டு நெறிகள் பதிவுக் கட்டாயத்தை நீக்கின. 2021 ஜூனில் மேலும் தளர்வுகள் வழங்கப்பட்டன.

கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, வீ.பி.என். சேவை நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு அல்லது சட்டம் கோரும் காலம்வரை சேமித்துவைக்க வேண்டும் என்கிறது. இவ்விதி பொதுமக்களுக்குச் சேவை வழங்குவோர்க்கே உரியது என்றும், அலுவலகங்கள் தம் பணியாளருக்காக நடத்தும் வீ.பி.என்.களுக்குப் பொருந்தாது என்றும் பின்னர் தெளிவுபடுத்தப்பட்டது.

இன்றைய நிலை

ஒளியிழை இணைப்புகளின் பரவலால் பதிவேற்ற வேகம் பற்றிய பழைய நெருக்கடி நகரங்களில் பெரிதும் குறைந்துள்ளது. 2012இல் தரமாக்கப்பட்ட ஓபஸ் குறியாக்கி, இணைப்பின் நிலைக்கேற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்கிறது. உலாவிகளிலேயே இயங்கும் வெப் ஆர்.டி.சி. தொழில்நுட்பத்தில் குரலின் மறையாக்கம் கட்டாயமானது. அலுவலக வலையமைப்புக்குள் நுழைந்த எவரையும் முழுமையாக நம்பும் வீ.பி.என். முறைக்கு மாற்றாக, ஒவ்வொரு சேவைக்கும் ஒவ்வொரு முறையும் பயனரையும் கருவியையும் சரிபார்க்கும் அணுகுமுறையும் பரவி வருகிறது. கூகுள் நிறுவனம் தன் பணியாளருக்காக உருவாக்கிய பியாண்ட்கார்ப் இதன் முன்னோடிகளுள் ஒன்று. இதுபற்றிய முதற் கட்டுரை 2014இல் வெளியானது. எனினும் மின்தடை ஏற்படும்போது அழைப்பது எவ்வாறு, அழைப்பவரின் இருப்பிடத்தை அறிவது எவ்வாறு என்னும் கேள்விகளை இணைப்பின் வேகம் தீர்ப்பதில்லை. மோடத்துக்கும் வழிச்செயலிக்கும் மின்கல மாற்றுவழி அமைப்பதும், அவசர உதவிக்குக் கைபேசி ஒன்றைத் தனியே வைத்திருப்பதும், வீட்டிலிருந்து பணிபுரிவோரின் முகவரியைக் குரற்சேவைக் கணக்கில் புதுப்பித்துவருவதும் இன்றும் தேவையான ஏற்பாடுகளாகும்.